எம்.டி. இடம் தேர்ந்தெடுக்கும் முன் யாரிடம் என்ன கேட்டேன்

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் எம்.டி., எம்.எஸ். சேர எழுதும் நீட் முதுநிலைத் தேர்வில் முதல் சில நூறு பேருக்குள் வருகிறவர்களுக்குக் கவலை குறைவு. கதிரியக்கவியலா, பொது மருத்துவமா, தோல் மருத்துவமா என்று முடிவு செய்துவிட்டால் மற்றது தானாக அமையும். தரவரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்கும் கேள்வி ஒன்றுதான்: கிடைப்பதை எடுப்பதா, மறுபடி எழுதுவதா. நடுவில் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் பாவம். நான் அந்த நடு ரகம். 2021 செப்டம்பர் 11 அன்று தேர்வு எழுதினேன். அந்த மாதக் கடைசியில் முடிவு வந்தபோது நான்கு வாய்ப்புகள் எட்டும் தூரத்தில் இருந்தன: பழைய, பெரிய அரசுக் கல்லூரி ஒன்றில் மயக்கவியல், புதிதாக வளர்ந்துவரும் மாவட்டக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம், வட மாநிலம் ஒன்றில் பொது மருத்துவம், தனியார் மருத்துவமனை ஒன்றில் அதே பொது மருத்துவத்துக்கு டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் முதுநிலைத் தகுதி) இடம்.

மயக்கவியலைத் தேர்ந்தெடுத்தேன். படித்து முடித்து, இப்போது அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் முடிவு வந்ததும் இளையவர்கள் கூப்பிடுகிறார்கள். "அக்கா, என் ரேங்குக்கு எது கிடைக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி. எது கிடைக்கும் என்பதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எது வேண்டும் என்று இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

போன ஆண்டு எந்தப் பிரிவு எந்தத் தரவரிசையோடு முடிந்தது என்ற பட்டியலை எக்செல்லில் போட்டு, வண்ணம் தீட்டி, அதிலேயே வாழ்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அந்தப் பட்டியல் பயனற்றது அல்ல. எதற்கு ஆசைப்படுவது நடக்கக்கூடியது என்று காட்டும். ஆனால் அது பிறருடைய விருப்பங்களின் பதிவு. "எட்டாயிரம் ரேங்கை வைத்துக்கொண்டு மயக்கவியலை எடுத்தால் ரேங்க் வீண்" என்று சொல்வது இந்தப் பட்டியலைக் கட்டி அழுவதால் வருகிற பேச்சு. எங்கள் பேராசிரியர் ஒருவர் படித்த காலத்தில் பொது அறுவை சிகிச்சை கிடைத்தவர்தான் ராஜாவாம். கதிரியக்கவியலுக்குப் போனவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்களாம். இன்று நிலைமை தலைகீழ். முப்பது ஆண்டு செய்யப்போகிற வேலையை அந்தந்த ஆண்டின் மோகத்தை வைத்து எடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

இடங்கள் எந்தெந்த வழியாக வருகின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அதை டெல்லியில் மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் டி.என்.பி. இடங்களும் அதே குழுவின் கையில்தான். மீதிப் பாதியைத் தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு நிரப்புகிறது. அந்தப் பாதியிலும் பாதி, ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு; இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ., நிம்ஹான்ஸ் போன்றவற்றுக்குத் தனி நுழைவுத் தேர்வு, ஆண்டுக்கு இருமுறை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று சாதிச் சான்றிதழ். மாநில ஒதுக்கீட்டில் 69 சதவீத இட ஒதுக்கீடு, பி.சி., எம்.பி.சி. பிரிவினருக்கு வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய ஒதுக்கீட்டிலோ ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், அதுவும் மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், 'கிரீமி லேயர்' (வசதி படைத்த அடுக்கு) அல்லாதவர் என்ற சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழைய சான்றிதழ் அங்கே செல்லாது. தேர்வு எழுதிய வாரத்திலேயே தாலுகா அலுவலகம் போய்விடுவது நல்லது. முடிவு வந்த பிறகு போனால் ஊரே அங்கே நிற்கும்.

எங்கள் ஆண்டில் கலந்தாய்வு உடனே தொடங்கவில்லை. ஓ.பி.சி., பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீடு தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. கலந்தாய்வு தாமதமாவதைக் கண்டித்து டிசம்பரில் டெல்லியில் உறைவிட மருத்துவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2022 ஜனவரி 7 அன்று இடைக்கால உத்தரவு வந்து, 12ஆம் தேதிதான் முதல் சுற்று தொடங்கியது. அந்த இடைவெளி எல்லோருக்கும் எரிச்சலாக இருந்தது. எனக்கு மட்டும் அது வசதியாகப் போயிற்று. பஸ் ஏறிக் கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பார்த்தேன்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். ஹவுஸ் சர்ஜன் காலத்தில், அதாவது எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் பயிற்சி ஆண்டில், எந்தெந்த நாட்களில் வேலை முடிந்தும் வார்டை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை, எந்தெந்த நாட்களில் மணி பார்த்துக்கொண்டே இருந்தேன் என்று நோட்டில் எழுதினேன். பிரிவின் பெயரை எழுதவில்லை, செய்த வேலையை எழுதினேன். இதை எந்த மூத்தவரும் சொல்லித்தரவில்லை. எனக்கு எதையும் எழுதினால்தான் புரியும்.

பொது மருத்துவத்தில் அட்மிஷன் நாள் பிடித்திருந்தது, ஓ.பி. பிடிக்கவில்லை. ஒரு காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் எழுதித் தருவது மக்களுக்கு எவ்வளவு அவசியமானது என்று அறிவுக்குத் தெரிகிறது. எனக்கோ பதினோரு மணிக்கே முகம் சுண்டிவிடும். லேபர் வார்டு பிடித்திருந்தது, ஆனால் ஒரே நேரத்தில் எட்டுப் பேரைக் கவனிக்கும் பதற்றம் பிடிக்கவில்லை. ஒரே ஒரு நோயாளி, என் முன்னால், கொடுத்த மருந்து ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறது என்று மானிட்டரில் தெரிய வேண்டும்: நோட்டைத் திருப்பிப் பார்த்தால் திரும்பத் திரும்ப இதுதான் வந்தது.

கொரோனா காலமும் சேர்ந்துகொண்டது. என் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு முழுவதும் அதில்தான் போயிற்று. 2021 மே மாதம், இரண்டாவது அலையில், தற்காலிக மருத்துவராக ஒரு கொரோனா வார்டில் இருந்தேன். அப்போது ஐ.சி.யு.வை உண்மையில் நடத்தியவர்கள் மயக்கவியல் மருத்துவர்கள். ஆக்சிஜன் அளவு எழுபதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, முகக் கவசம், கண்ணாடி, பிளாஸ்டிக் உடை எல்லாவற்றுக்குள்ளும் இருந்துகொண்டு, குரல் உயராமல், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி வென்டிலேட்டரில் இணைத்த ஓர் அக்காவைப் பார்த்தேன். வெளியே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த நிதானம் எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் ஒரு பிரிவின் சிறந்த நாளைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மயக்கவியலின் சாதாரண நாள் எப்படி இருக்கும்? காலை ஏழரைக்கு தியேட்டர், மெஷின் சரிபார்ப்பு, வரிசையாகக் குடலிறக்கம், பித்தப்பை, சிசேரியன். நோயாளி கண் விழித்ததும் கையெடுத்துக் கும்பிடுவது அறுவை சிகிச்சை செய்தவரை. நம் பெயர் அவருக்குத் தெரியாது. ஊரில் 'கைராசி டாக்டர்' என்று பெயரெடுக்க வழியே இல்லாத பிரிவு இது. தனியாகத் தொழில் செய்தால் ஐந்து மருத்துவமனைகளின் அழைப்பை நம்பி, ராத்திரி காரில் ஓட வேண்டும். கட்டணம் அறுவை மருத்துவர் மூலமாகத்தான் கைக்கு வரும், சில இடங்களில் மாதக் கணக்கில் வராது. இதையெல்லாம் தொழிலில் இருக்கும் மூன்று, நான்கு பேரிடம் நேரடியாகக் கேட்டேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "புகழ் வேண்டுமென்றால் வேறு கடை பார், நிம்மதியான தூக்கம் வேண்டுமென்றாலும் வேறு கடை பார்" என்றார். எனக்குப் புகழ் பற்றிப் பெரிய கவலை இல்லை. தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன்.

வீட்டில் கேள்வி வேறு மாதிரி. பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். அத்தை ஒருவர், "ஊசி போட்டுத் தூங்கவைப்பதற்கா இத்தனை வருஷப் படிப்பு?" என்று கேட்டார். தூங்கவைப்பது எளிது, எழுப்புவதற்குத்தான் படிப்பு என்று சொன்னேன். அப்பா சொந்த ஊரில் கிளினிக் கட்ட ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்; அவரோடுதான் நீண்ட நேரம் பேச வேண்டியிருந்தது. வாதம் செய்து பயனில்லை என்று தெரிந்ததும், எங்கள் ஊர் மயக்கவியல் மருத்துவர் ஒருவரின் வீட்டுக்கு அவரையே அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு மணி நேரம் பேசினார். வரும் வழியில் அப்பா இடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

இனி கல்லூரிகளுக்குப் போன கதை. துறைத் தலைவரிடம் போய் "உங்கள் துறை எப்படி?" என்று கேட்பது, மளிகைக் கடைக்காரரிடம் வெல்லம் இனிக்குமா என்று கேட்பதைப் போன்றது. அவரைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள், மரியாதைக்காக. கேட்க வேண்டியவர் இரண்டாமாண்டு பி.ஜி., அதாவது முதுநிலை மாணவர். முதலாமாண்டுக்காரர் களைப்பில் எல்லாவற்றையும் நரகம் என்பார். மூன்றாமாண்டுக்காரர் தேர்வு பயத்தில் இருப்பார், அல்லது முடிக்கப்போகிற மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் மன்னித்திருப்பார். இரண்டாமாண்டுக்காரர்தான் நிதானமாகப் பேசுவார். அவரையும் நைட் டூட்டி முடித்த காலையில் பிடிக்காதீர்கள். படித்து முடித்து வெளியே போனவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அவர் யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி: இரவு இரண்டு மணிக்குக் கடினமான கேஸ் வந்தால் பக்கத்தில் யார் நிற்பார்கள்?

ஒரு கல்லூரியில் இந்தக் கேள்விக்கு ஒரு அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன் பண்ணினால் எடுப்பார்கள்" என்றார். நல்ல பேராசிரியர்கள், நல்ல வகுப்புகள், நூலகம் எல்லாம் உண்டு என்று அவரே சொன்னார். ஆனால் இரவில் முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் மட்டுமே. கைத்திறன் சீக்கிரம் வரும் என்பதை அவர் பெருமையாகவே சொன்னார். வரும்தான். யார் செலவில் வரும் என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

இன்னொரு கல்லூரியில் ஓர் அண்ணா புலம்பினார்: முதல் சில மாதங்கள் உதவிப் பேராசிரியர் பக்கத்தில் இல்லாமல், தொண்டைக்குள் பார்த்து மூச்சுக்குழாயில் குழாய் செலுத்த உதவும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுக்கக்கூட விடமாட்டார்கள், ஸ்பைனல் ஊசி போடுவதற்கு முன் முதுகெலும்பின் அமைப்பைப் பற்றி வாய்மொழித் தேர்வு நடத்துவார்கள், மருந்து ஏற்றிய சிரிஞ்சில் பெயர் எழுதாவிட்டால் அப்படியே குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று. அவருக்கு அது குறை. நான் அந்தக் கல்லூரியை என் பட்டியலில் முதலாவதாக எழுதினேன்.

அடுத்த கேள்வி, எண்ணிக்கை. எத்தனை அறுவை சிகிச்சை நடக்கிறது என்று கேட்டால் பெரிய எண் ஒன்று வரும். அது மருத்துவமனையின் கணக்கு. நீங்களே செய்தவை எத்தனை, பார்த்துக்கொண்டு நின்றவை எத்தனை என்று கேட்க வேண்டும். முடிந்தால் அவர்கள் செய்த கேஸ்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கைப் புரட்டிப் பாருங்கள். எபிடியூரல் (முதுகில் மெல்லிய குழாய் வழியாக மரத்துப்போகச் செய்வது), அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடும் நரம்பு பிளாக் (ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்வது), குழந்தைகளுக்கான மயக்கம், இதய அறுவை, நரம்பியல் அறுவை, ஐ.சி.யு. ஆகியவற்றில் எத்தனை மாதம் போஸ்டிங் என்பது மயக்கவியலுக்கு முக்கியம். பெரிய கல்லூரியில் வகை அதிகம், ஆனால் ஒரு கேஸுக்கு மூன்று பி.ஜி. நிற்பார்கள். சிறிய கல்லூரியில் சிசேரியனும் எலும்பு முறிவும் கை வலிக்கும்வரை கிடைக்கும், இதய அறுவையைப் படத்தில்தான் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அறுவைப் பிரிவுகளுக்குக் கை வேலை கிடைக்கும் சிறிய இடம் தவறே இல்லை. மயக்கவியல், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்றவற்றுக்கு விதவிதமான நோயாளிகள் வரும் பெரிய இடம் நல்லது. இதற்கு நேர்மாறாகச் சொல்லும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இன்னும் சில கேள்விகளைச் சங்கடமில்லாமல் கேளுங்கள். ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? ஒரு துறையில் பி.ஜி. மாணவர்கள் நாளில் பாதியைப் படிவம் நிரப்பவும் டிராலி தள்ளவும் செலவிடுவதைப் பார்த்தேன். கடந்த சில ஆண்டுகளில் யாராவது பாதியில் விட்டுப் போனார்களா, ஏன்? இந்தக் கேள்விக்கு மட்டும் பதிலைவிட, பதில் சொல்பவர் தலையைத் திருப்பி யாராவது கேட்கிறார்களா என்று பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். தீசிஸ் (ஆய்வேடு) வழிகாட்டி திருத்தித் தருவாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா? கல்யாணம், பிரசவம் என்றால் விடுப்புக்கு என்ன நிலைமை?

வேலை நேரத்தைப் பற்றிக் காகிதத்தில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. 1992இலேயே மத்திய சுகாதாரத் துறை, தொடர்ச்சியான பணி ஒரு நாளில் 12 மணி நேரத்தையும் வாரத்தில் 48 மணி நேரத்தையும் சாதாரணமாகத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் "நியாயமான வேலை நேரம்", வாராந்திர ஓய்வு, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்கின்றன. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று பரிந்துரைத்தது. உத்தரவில் 48 ஆக இருந்தது பரிந்துரையில் 74 ஆனதிலேயே நிலவரம் தெரிந்துவிடும். ஆகவே "டூட்டி எத்தனை மணி நேரம்?" என்று கேட்காமல், "போன வாரம் எந்தெந்த நாள் வீட்டுக்கு அல்லது விடுதிக்குப் போய்த் தூங்கினீர்கள்?" என்று கேளுங்கள். சரியான விடை வரும்.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியில் இருந்த முதுநிலை மாணவி கொல்லப்பட்ட பிறகு, கூப்பிடுகிற தங்கைகளிடம் நான் கட்டாயம் பார்க்கச் சொல்வது ஒன்று உண்டு: டூட்டி அறை எங்கே இருக்கிறது, உள்தாழ்ப்பாள் உண்டா, கழிப்பறை அதே அறையோடு சேர்ந்ததா, இரவில் அங்கிருந்து தியேட்டருக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா. பகலில் பார்த்தால் போதாது; மாலை ஏழு மணிக்கு மேல் ஒரு நடை நடந்து பாருங்கள். அப்பாவோ அண்ணனோ கூட வரட்டும், தவறில்லை.

வட மாநில இடத்தை நான் விட்டதற்குப் பிரிவு காரணமில்லை. பொது மருத்துவத்தில் பாதி வேலை நோயாளியைப் பேசவைப்பது. "நெஞ்சு கரிக்கிறது" என்பதற்கும் "நெஞ்சு அடைக்கிறது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தியில் பிடிக்க எனக்கு ஓராண்டாவது ஆகும் என்று தோன்றியது. என் வகுப்புத் தோழன் ஒருவன் துணிந்து மகாராஷ்டிரத்துக்குப் போனான். வார்டு நர்சுகளிடம் மராத்தி கற்றுக்கொண்டு, இப்போது கனவுகூட அதில்தான் காண்பதாகச் சொல்கிறான். ஆகவே இது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அகில இந்திய ஒதுக்கீட்டில் கல்லூரி பெயரை மட்டும் பார்த்துப் பட்டியலை நிரப்புகிறவர்கள், ரயில் பயணம் எவ்வளவு நேரம், விடுதி உணவு எப்படி, தமிழ்நாட்டு மாணவர்கள் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும்.

டி.என்.பி. பற்றி ஊரில் தேவையில்லாத தாழ்வான பேச்சு உண்டு. அது எம்.டி., எம்.எஸ். பட்டத்துக்கு இணையானதாக அங்கீகரிக்கப்பட்டது. நான் போய்ப் பார்த்த மருத்துவமனையில் எழுதிவைத்த நெறிமுறைகள், நல்ல கருவிகள், வாராவாரம் ஒழுங்காக நடக்கும் கருத்தரங்கு எல்லாம் இருந்தன; சில அரசுக் கல்லூரிகள் கற்றுக்கொள்ள வேண்டியவை. குறை எங்கே என்றால், பணம் கட்டி வருகிற நோயாளி மூத்த மருத்துவரையே எதிர்பார்ப்பார். மாணவருக்கு முடிவெடுக்கும் வாய்ப்பு குறையும். அறுவைப் பிரிவுகளில் இது இன்னும் அதிகம் உறைக்கும். இறுதிச் செய்முறைத் தேர்வும் பழக்கமில்லாத வேறு மருத்துவமனையில், முன்பின் தெரியாத தேர்வாளர்கள் முன்னால் நடக்கும். உதவித்தொகை உண்மையில் கணக்கில் ஏறுகிறதா, எத்தனை பேர் முதல் முயற்சியில் தேறினார்கள் என்ற இரண்டையும் அங்கு படிப்பவர்களிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாண்டு, அதாவது படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்யும் ஒப்பந்தம், மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. எத்தனை ஆண்டு, செய்யாவிட்டால் எத்தனை லட்சம், இடையில் இடத்தை விட்டால் தனியாக எவ்வளவு, ஜாமீன் கையெழுத்து யார் போட வேண்டும் என்பதைப் பட்டியல் போடும் முன்பே படித்துவிட வேண்டும். சேரும் நாளில் முத்திரைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவுக்குப் போன் செய்கிறவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம்.

இப்போது விருப்பப் பட்டியல். தவறான தகவல் அதிகம் புழங்குவது இங்கேதான். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைக்கக்கூடியதும் போய்விடும்" என்று எனக்கும் சொன்னார்கள். அப்படி இல்லை. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. அவருடைய பட்டியலை மேலிருந்து கீழே படிக்கிறது. அவர் பிரிவுக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. எட்டாத இடத்தை முதலில் எழுதியதற்காக யாரும் உங்களைத் தண்டிப்பதில்லை. ஆகவே வரிசை உங்கள் ஆசையின் வரிசையாகவே இருக்கட்டும். ஆபத்து மறுபக்கம் இருக்கிறது: ஆயிரமாவது இடத்தில் "சும்மா இருக்கட்டும்" என்று எழுதியதும் உங்களுக்குக் கிடைக்கலாம். சேர மாட்டேன் என்று தெரிந்த இடத்தை எழுதவே எழுதாதீர்கள்.

சுற்றுகள் போகப் போக விதி இறுகும். அகில இந்திய ஒதுக்கீட்டின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விடலாம், இழப்பில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து சேராவிட்டால் வைப்புத்தொகை போகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பதிவு செய்திருந்தால் அது 2 லட்சம் ரூபாய். கடைசிச் சுற்றில் கிடைத்ததை விட்டால் பணத்தோடு அடுத்த தேர்வு எழுதும் வாய்ப்பும் போகும். 'மேம்படுத்தல்' கேட்டுவிட்டு அடுத்த சுற்றில் மேலே உள்ள இடம் கிடைத்தால், பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். இரண்டையும் வைத்து யோசிக்க முடியாது. ஆகவே இரண்டாம் சுற்றுக்கு முன்னால், கையில் இருக்கும் இடத்தைவிட உண்மையிலேயே மேலானவற்றை மட்டும் எழுதுங்கள். மாநிலக் கலந்தாய்வும் அகில இந்தியக் கலந்தாய்வும் அருகருகே ஓடும். ஒன்றில் சேர்ந்தவர் எந்தக் கட்டத்தில் மற்றொன்றிலிருந்து நீக்கப்படுவார் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவை ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. முதுநிலையில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பழைய கணக்குகளை அப்படியே நம்ப முடியாது. அந்தந்த ஆண்டின் கையேட்டை முழுவதும் படியுங்கள், சலிப்பாக இருந்தாலும்.

நான் எழுதிய பட்டியல் மிகச் சிறியது. அகில இந்திய ஒதுக்கீட்டில் போட்டது எதுவும் அமையவில்லை. மாநிலச் சுற்றில், அந்த அண்ணா புலம்பிய கல்லூரி கிடைத்தது. அவர் சொன்ன எதிலும் மிகை இல்லை. பெயரெழுதாத என் சிரிஞ்சும் குப்பைக்குப் போயிருக்கிறது.

எழுதிய எதுவுமே கிடைக்காதவர்களுக்கு இரண்டு வரி. இன்னோர் ஆண்டு படிப்பது என்றால், போன முறையைவிட எது மாறப்போகிறது என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். வெறும் வைராக்கியம் 200 கேள்விகளுக்கும் தாங்காது. நோயாளியைத் தொடாத பிரிவுகளை இளக்காரமாகப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். என் தோழி ஒருத்தி சமுதாய மருத்துவம் எடுத்தாள். பொதுச் சுகாதாரத்துக்கென்று 1939இலேயே தனிச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. அவளுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு மாவட்டத்தின் டெங்கு நிலவரத்தை வரைபடத்தில் வைத்துக்கொண்டு அவள் பேசுவதைக் கேட்டால், என் தியேட்டர் சின்னதாகத் தெரியும்.

கடைசியாக, சேரும் நாள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும், படிப்பு முடியும்வரை திருப்பித் தராது. மதிப்பெண் பட்டியல், மருத்துவக் கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் முந்தின நாளே இருபுறமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சான்றொப்பம் வாங்கிய நகல்களைக் கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். எழுத்தர் முறைப்பார், பரவாயில்லை, நின்று வாங்குங்கள்.